நல்ல தொட்டியின் வாசம்

என் தம்பி பொண்டாட்டிக்குக் கீழ நான் வேலை பாக்குறேன். வீட்டுல நான்தான் மூத்தவ. அவ என்னை அண்ணின்னு கூப்பிடுவா, நான் ஒண்ணு சொன்னா மறுபேச்சு பேச மாட்டா. வேலைக்குப் போயிட்டா அவ பொறுப்பாளர், நான் பயிற்சிக்கு வந்த ஆளு. வாசல்ல இருக்குற நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு, அவ இருந்தா, அவ தலையாட்டின பிறகுதான் நான் உள்ள போகணும். முதல் நாள் அந்தப் பேனாவைக் கையில வாங்கும்போது எனக்கு வந்த கோபம் இருக்கே, அப்பப்பா! எனக்குக் கோபம் மூக்கு நுனியில. தெரு முழுக்க அது தெரியும்.

எங்க வேலை சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்றது. எண்ணூறு வீடு இருக்குற ஒரு காலனியோட அழுக்குத் தண்ணியெல்லாம் ஒரே குழாய் வழியா எங்ககிட்ட வந்து சேரும். முதல்ல ஒரு வாய்க்கால், அதுல ஒரு கம்பி வலை. துணி, முடி, பிளாஸ்டிக் எல்லாம் அங்க சிக்கும், வாரி எடுத்துடுவோம். அப்புறம் பெரிய தொட்டி. அதுக்கு அடியிலேர்ந்து ப்ளோயர் வச்சு காத்து அடிச்சுக்கிட்டே இருக்கணும். ஏன்னா அந்தத் தொட்டியில கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு. அழுக்கைத் தின்னு தீக்குறது அதுங்கதான். நாங்க அதுங்களுக்கு மூச்சு குடுக்குறோம், அவ்வளவுதான். கடைசியில தெளிஞ்ச தண்ணிக்குக் கொஞ்சம் மருந்து போட்டு ஏரிக்கு விடுவோம். போன வருஷம் நாத்தம் தாங்காம மூக்கைப் பொத்திக்கிட்டுப் போன ஏரியில இப்போ கொக்கு நிக்குது. நானே எண்ணினேன், ஒன்பது.

கல்யாணமாகி வந்த புதுசுல அவ வாயே திறக்க மாட்டா. "இவ பேசுவாளாடா, இல்ல கடைசிவரைக்கும் நாமளேதான் பேசணுமா?"ன்னு தம்பியைக் கிண்டல் பண்ணியிருக்கேன். ஊரோட இன்னொரு கோடியில இருக்குற பழைய சுத்திகரிப்பு நிலையத்துல செடிக்குத் தண்ணி ஊத்துற வேலை அவளுக்கு. ஒருநாள் குழாயைத் திறந்தவ அப்படியே மூடிட்டு, அங்க இருந்த ஆபரேட்டர்கிட்ட போய், "சார், தண்ணியில அழுகின முட்டை வாசம் வருது, உள்ள ஏதோ நின்னுபோச்சு"ன்னு சொல்லியிருக்கா. அவர் நாற்காலியை விட்டு எந்திரிக்கல. "செடிக்கு ஊத்தும்மா, எனக்குப் பாடம் எடுக்காத"ன்னாராம். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா ப்ளோயர் பெல்ட் அறுந்து கிடக்கு. காத்து போகாம கிருமிங்க பாதி செத்திருக்கு.

அன்னையிலேர்ந்து அந்த ஆபரேட்டர் அவளுக்கு 'மோப்பக்காரி'ன்னு பேரு வச்சுட்டார். கேலிக்கு வச்சது. ஆனா அடுத்து எது கெட்டாலும் முதல்ல அவளைத்தான் கூப்பிட்டார். நல்ல தொட்டி மழை பேஞ்ச மண்ணு மாதிரி வாசம் வீசும்னு அவ சொல்வா. கொஞ்சம் புளிச்சா இது குறை, கொஞ்சம் முட்டை நாத்தம் வந்தா அது குறைன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வா. நகராட்சியில இருக்குற இன்ஜினியரம்மா காதுக்கு இது போச்சு. அவங்க இவளைப் படிக்க அனுப்பினாங்க. கைக்குழந்தையை மடியில போட்டுக்கிட்டு, ஒரு கையால புரட்டிப் புரட்டிப் படிச்சா. பாஸ் பண்ணின அன்னைக்கு என் தம்பி, அவன் பஸ் ஓட்டுறவன், வழியில இருந்த எல்லா ஸ்டாப்புலயும் தேவையில்லாம ஹாரன் அடிச்சானாம். பைத்தியக்காரன்.

அந்தக் குழந்தை ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்ச வருஷம் எங்க காலனிக்குப் பக்கத்துல புது நிலையம் கட்டினப்போ இன்ஜினியரம்மா அவளைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. "ஆறு பொம்பளைங்களைச் சேர்த்துக்கோ. மூணு மாசம் நீங்களே ஓட்டுங்க. கடைசி வெள்ளிக்கிழமை நான் வந்து பாப்பேன். சரியா இருந்தா ஆறு பேருக்கும் உனக்கும் வேலை நிரந்தரம். சரியில்லன்னா மேல இருக்குறவங்க வெளி கம்பெனிக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்க. பொம்பளைங்களால ஆகாதுன்னு ஏற்கனவே நாலு பேரு எழுதியே வச்சிருக்காங்க."

அந்த நேரம் பாத்து எங்க துணி ஃபேக்டரியை மூடிட்டாங்க. நான் இருபத்திரண்டு வருஷம் அங்க சட்டைக் காலர் தைச்சேன். காலர் மட்டும். முழுச் சட்டையை நான் கடையிலதான் பாத்திருக்கேன். அவ எங்க ஃபேக்டரி ஆளுங்களையே ஆறு பேரா பொறுக்கினா, அதுல என்னையும் சேர்த்தா. "சாக்கடைக்கா? என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது?"ன்னு குதிகுதின்னு குதிச்சேன். மறுநாள் காலையில என் ரூம் வாசல்ல ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்துச்சு. போட்டுப் பாத்தேன், அளவு அப்படியே பொருந்துச்சு. நான் தூங்கும்போது என் செருப்பை அளந்திருக்கா, கள்ளி.

நியாயமா சொல்லணும்னா, அவ நல்ல பொறுப்பாளர். எவ்வளவு அவசரமா இருந்தாலும் யாரும் எந்தக் குழிக்குள்ளயும் இறங்கக் கூடாது, அது முதல் சட்டம். விஷ வாயு வந்தா கத்துற மீட்டர் எப்பவும் இடுப்புல இருக்கணும், அது ரெண்டாவது. அப்புறம் அந்தக் கண்ணாடி ஜாடி. தினமும் காலையில தொட்டியிலேர்ந்து ஒரு லிட்டர் மொண்டு ஜாடியில ஊத்தி, ஆடாம அசையாம முப்பது நிமிஷம் வைக்கணும். கிருமிங்க நல்லா இருந்தா பழுப்பா அடியில படியும், மேல தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும். எந்தக் கோடு வரைக்கும் படிஞ்சிருக்குன்னு எழுதணும். பழைய நிலையத்துல பத்து நிமிஷம் பாத்துட்டு மீதியை மனக்கணக்குல எழுதிடுவாங்களாம். இவ ஜாடி முன்னாடி குத்துக்கால் போட்டு உக்காந்தா, முப்பது நிமிஷமும் எந்திரிக்க மாட்டா.

அப்புறம் வாசம் பாக்குறது. ஜாடி வச்சதும் எங்களைத் தொட்டி ஓரத்துல நிறுத்தி, "சொல்லுங்க, இன்னைக்கு எப்படி இருக்கு?"ன்னு கேப்பா. ஆளுக்கொண்ணு சொல்வோம். எங்கள்ல ஒருத்திக்கு டீச்சர்னு பேரு. ஃபேக்டரியில குழந்தைங்க காப்பகத்தைப் பாத்துக்கிட்டவ, எதையும் எழுதி வைக்கலன்னா தூக்கம் வராது அவளுக்கு. நாங்க சொல்றதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதுவா. மோப்பக்காரி மட்டும் எதுவும் சொல்ல மாட்டா, சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குவா. எங்களைப் பரீட்சை பண்றாளாக்கும்னு நினைச்சோம்.

இப்போ யோசிச்சா எனக்கு அப்பவே பொறி தட்டியிருக்கணும். ஒருநாள் வீட்டுல அடுப்புல பால் தீஞ்சு கருகுது, அவ பக்கத்துலயே நின்னு பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கிட்டிருக்கா. நான் வாசல்லேர்ந்து ஓடிவந்து அணைச்சேன். "மூக்கை வேலையில கழட்டி வச்சுட்டு வந்துட்டியா?"ன்னு கத்தினேன். அவ என்னைப் பாத்த பார்வை சரியா இல்ல. நான்தான் கவனிக்கல.

இன்ஜினியரம்மா வர்ற வாரம். திங்கக்கிழமை காலை ஷிப்ட் எனக்கும் டீச்சருக்கும். மோப்பக்காரி எட்டு மணிக்குத்தான் வருவா. வாய்க்கால் சுவரெல்லாம் பச்சையா பாசி புடிச்சுக் கிடந்துச்சு. பெரியவங்க வர்றாங்க, வீடு இப்படியா இருக்கும்? எனக்குக் கை துறுதுறுன்னுச்சு. ஸ்டோர் ரூமைத் திறந்தேன். கடைசித் தண்ணிக்குப் போடுற பிளீச்சிங் பவுடர் ரெண்டு மூட்டை இருந்துச்சு. கடைசியில போடுற மருந்தை முதல்லயே போட்டா இன்னும் நல்லதுதானேன்னு எனக்கு ஒரு அறிவு. டீச்சர் அந்தப் பக்கம் பம்ப் ரூம்ல இருந்தா. ஒண்ணரை மூட்டையைக் கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்தேய்ன்னு தேய்ச்சு, ஓஸ் பைப் வச்சுக் கழுவித் தள்ளினேன். அத்தனையும் எங்க போச்சு? நேரா தொட்டிக்கு. நாங்க மூணு மாசமா மூச்சு குடுத்து வளர்த்த கிருமிங்க தலையில.

எட்டு மணிக்கு அவ வந்தா. வாட்ச்மேன் கைக்குட்டையை மூக்குல கட்டிக்கிட்டு நிக்கிறார். டீச்சர் இருமிக்கிட்டே ஓடிவர்றா. இவ அந்த வாய்க்கால் பக்கமாவே நடந்து வந்தா, கண்ணை மட்டும் கசக்கிக்கிட்டு. "அட, பளிச்சுன்னு ஆக்கிட்டீங்களே அண்ணி! கண்ணுல ஏதோ தூசி விழுந்துடுச்சு"ன்னு சொல்லிட்டு ஜாடியை எடுக்கப் போனா. நான் திருதிருன்னு முழிச்சேன்.

ஜாடியை வச்சா. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். படியவே இல்ல. மேல தண்ணி அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கி நிக்குது, துணுக்கு துணுக்கா மிதக்குது. தொட்டியைத் திரும்பிப் பாத்தா வெள்ளை வெள்ளையா நுரை. அவ முகம் வெளுத்துப் போச்சு.

"அண்ணி, எதையாவது ஊத்தினீங்களா?"

"பிளீச்சிங் பவுடர்தான். கொஞ்சமா."

"எவ்வளவு?"

"ஒண்ணரை மூட்டை."

அவ படியில அப்படியே உக்காந்துட்டா. நானா சும்மா இருப்பேன்? தப்பு என் மேல, ஆனா கோபம் எனக்குத்தான் வந்துச்சு. "ஏம்மா, நான்தான் மடச்சி, தெரியாமப் பண்ணிட்டேன். நீ எப்படி அதைத் தாண்டி வந்தே? கேட்டுல நிக்கிற வாட்ச்மேனுக்கே மூக்கு எரியுது! வந்த உடனே ஒரு சத்தம் போட்டிருந்தா அப்பவே தண்ணியைத் திருப்பி விட்டிருக்கலாமே! உன் மூக்கு எங்கே போச்சு?"

"போச்சு அண்ணி"ன்னா.

"என்னது?"

"எனக்கு வாசமே தெரியாது. இங்க வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி காய்ச்சல்ல படுத்தேனே, அதோட போச்சு. டாக்டர், வந்தாலும் வரும், வராமலும் போகலாம்னுட்டார். யார்கிட்டயும் சொல்லல. உங்க தம்பிகிட்டயும் சொல்லல. மூக்கை வச்சுத்தானே எனக்கு இந்த வேலையே குடுத்தாங்க? தெரிஞ்சா என்னோட சேர்த்து உங்க ஆறு பேரையும் அனுப்பிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு."

அப்பதான் எனக்கு உறைச்சுது. தினமும் எங்களைத் தொட்டி ஓரத்துல நிறுத்திக் கேட்டது பரீட்சை இல்ல. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டிருக்கா. மூணு மாசமா எங்க மூக்கை வச்சு நிலையத்தை ஓட்டியிருக்கா.

"தொட்டி வாசம் போனா போகட்டும் அண்ணி"ன்னு சொன்னா, ரொம்ப மெதுவா. "அதுக்கு மீட்டர் இருக்கு, ஜாடி இருக்கு. பாப்பா தலையில முகம் வச்சா ஒண்ணுமே வர மாட்டேங்குது. யார் வீட்டுக் குழந்தையையோ தூக்கி வச்சிருக்குற மாதிரி இருக்கு."

இவ்வளவு நாளா ஒரே வீட்டுல இருந்து என்னத்தைப் பாத்தேன் நான்? அவ தோளைப் புடிச்சு என் மேல சாய்ச்சுக்கிட்டேன். ரெண்டு பேர் மேலயும் பிளீச்சிங் நாத்தம். எனக்கு மட்டும்தான் அது தெரிஞ்சுது.

ரெண்டு நிமிஷம்தான் அழுதா. அப்புறம் முகத்தைத் துடைச்சுட்டு எந்திரிச்சா. "ஏரிக்கு ஒரு சொட்டு போகக் கூடாது"ன்னு வெளி வால்வை அடைச்சு, தண்ணியைக் காலியா இருந்த தொட்டிக்குத் திருப்பினா. ப்ளோயரை முழு வேகத்துல போட்டா. பழைய நிலையத்து ஆபரேட்டருக்கு போன் பண்ணி, உயிரோட இருக்குற சேறு வேணும்னு கேட்டா. தயிருக்கு உறை ஊத்துற மாதிரிதான், நல்ல கிருமி கொஞ்சம் போட்டா பெருகிக்கும். அந்த மனுஷன் "மோப்பக்காரி தொட்டியே படுத்துடுச்சா?"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சார். சிரிச்சாலும் மத்தியானத்துக்குள்ள ரெண்டு டேங்கர் அனுப்பி வச்சார். கூடவே வந்து, நின்னு ஊத்திட்டுத்தான் போனார். நல்லவர்தான், வாய்தான் சரியில்ல.

சாயங்காலம் அவ பதிவு நோட்டை எடுத்தா. "எழுதாதேம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிடும், யாருக்குத் தெரியப் போகுது?"ன்னு கெஞ்சினேன். அவ என்னைப் பாக்காமலே எழுதினா. என்ன எழுதினான்னு எட்டிப் பாக்க எனக்குத் தைரியம் வரல. அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் தம்பிகிட்டயும் மூக்கு விஷயத்தைச் சொல்லிட்டா. அவன் அவ கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை ஜாடி கலங்கியே இருந்துச்சு. புதன்கிழமை கொஞ்சம் படிஞ்சுது. பாப்பா தினமும் சாயங்காலம் கேப்பா, "அத்தை, உங்க கிருமிக்கெல்லாம் உடம்பு சரியாயிடுச்சா?" நான் என்னத்தைச் சொல்ல? "கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்குங்க"ன்னேன். வியாழக்கிழமை தொட்டி ஓரத்துல நின்னு மூச்சை இழுத்தா, லேசா, ரொம்ப லேசா, ஈர மண்ணு. ஆறு பேரும் மாத்தி மாத்தி மோந்து பாத்தோம். வாட்ச்மேன் எங்களைப் பைத்தியங்கன்னு நினைச்சிருப்பார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்ஜினியரம்மா வந்தாங்க. வந்ததும் அவங்க கையாலேயே தண்ணியை மொண்டு ஜாடியை வச்சு, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டாங்க. முப்பது நிமிஷம். அந்த நேரத்துல பதிவு நோட்டைப் புரட்டினாங்க. திங்கக்கிழமை பக்கத்துல விரல் நின்னுச்சு. சத்தமா படிச்சாங்க.

"'காலை வாய்க்காலில் பிளீச்சிங் பவுடர் ஒன்றரை மூட்டை கலந்து தொட்டி பாதிக்கப்பட்டது. ஏரிக்கு நீர் விடவில்லை. தவறு பொறுப்பாளருடையது.' என்னம்மா இது? நீயா கொட்டினே?"

எனக்கு எங்கேர்ந்துதான் அந்தக் கோபம் வந்துச்சோ! "பொய்! அவ எழுதினது சுத்தப் பொய்! கொட்டினவ நான். அவ அப்போ வேலைக்கே வரல. அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க, அவ மேல கை வைக்காதீங்க!"

"அண்ணி, சும்மா இருங்க"ன்னு அவ என் கையைப் புடிச்சா. வேலை இடத்துல அவ என்னை அண்ணின்னு கூப்பிட்டதே இல்ல. அழுத அன்னைக்குத்தான், அப்புறம் இன்னைக்கு. "மேடம், அவங்களுக்குச் சரியா சொல்லிக்குடுக்காதது என் தப்புத்தான். இன்னொண்ணும் இருக்கு. எனக்கு வாசம் தெரியாது. வேலை ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே தெரியாது. மறைச்சுட்டேன்."

இன்ஜினியரம்மா ஜாடியையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம், "அப்போ இத்தனை நாள் யாரு மோந்து பாத்தது?"ன்னு கேட்டாங்க. டீச்சர் ஓடிப்போய் அவ நோட்டைக் கொண்டுவந்து நீட்டினா. ஒவ்வொரு நாளும் ஆறு மூக்கு சொன்னதும், பக்கத்துலயே மீட்டர் காட்டினதும், ஜாடி படிஞ்ச கோடும். இன்ஜினியரம்மா பக்கம் பக்கமா புரட்டினாங்க, எனக்கோ ஒவ்வொரு பக்கமும் ஒரு வருஷமா இருந்துச்சு.

"முப்பது நிமிஷம் ஆயிடுச்சு மேடம்"னா மோப்பக்காரி. அந்த நிலைமையிலயும் அவளுக்கு ஜாடிதான்.

எல்லாரும் குனிஞ்சு பாத்தோம். அடியில பழுப்பா, வெண்ணெய் வழிச்ச மாதிரி சமமா படிஞ்சிருந்துச்சு. மேல தண்ணி வழியா பின்னாடி இருந்த சுவத்துல ஓடின எறும்பு தெரிஞ்சுது.

இன்ஜினியரம்மா நிமிர்ந்தாங்க. "மறைச்சது பெரிய தப்பு. விஷ வாயு வர்ற இடத்துல உனக்கு வாசம் தெரியாதுன்னு பக்கத்துல இருக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இன்னைக்கே அதை எழுத்துல குடு. இனிமே நீ தனியா ஷிப்ட் பாக்கக் கூடாது, கூட ஒருத்தர் இருக்கணும்." நோட்டை மூடி டீச்சர்கிட்ட நீட்டினாங்க. "ஆனா மூக்குக்காக உன்னை எடுத்தேன்னு யாரும்மா சொன்னது? நான் பழைய நிலையத்துக்கு எத்தனை தடவை சொல்லாம கொள்ளாம வந்திருக்கேன். முப்பது நிமிஷமும் ஜாடி முன்னாடி உக்காந்திருந்த ஒரே ஆளு நீ. அதுவும் செடிக்குத் தண்ணி ஊத்த வந்தவ. அதுக்காகத்தான் எடுத்தேன்."

அப்புறம் கையெழுத்துப் போட்டாங்க. ஆறு பேருக்கும், அவளுக்கும். அடுத்த காலனியிலயும் ஒரு நிலையம் வருதாம், அதுக்குப் பன்னெண்டு பொம்பளைங்க வேணுமாம், வாசத்தை எழுதி வைக்கிற இந்த நோட்டை அங்கயும் வைக்கணுமாம். டீச்சருக்குத் தலைகால் புரியல. எனக்கும் ஒரு உத்தரவு வந்துச்சு. ஸ்டோர் ரூம் சாவி என் கையில எந்தக் காலத்துலயும் இருக்கக் கூடாதாம். சரின்னு தலையாட்டினேன், வேற வழி?

சாயங்காலம் தம்பியோட பஸ்ஸுலயேதான் வீட்டுக்குத் திரும்பினோம். வழியில ஸ்கூல் ஸ்டாப்புல பாப்பா ஏறினா. அவ அம்மா மடியில விழுந்தவ ரெண்டு ஸ்டாப் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டா. மோப்பக்காரி குனிஞ்சு குழந்தை உச்சந்தலையில முகத்தை வச்சா. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தா. அப்புறம் என்னைப் பாத்தா, தொட்டி ஓரத்துல பாக்குற அதே பார்வை.

"சொல்லுங்க அண்ணி. எப்படி இருக்கு?"

நான் குனிஞ்சு மோந்தேன். "பென்சில் சீவின தூளு. வெயிலு. நேத்து தலைக்குப் போட்ட சோப்பு. யார்கிட்டயோ பிஸ்கட் வாங்கித் தின்னிருக்கா, கழுதை."

"அவ்வளவுதானா?"

"இரு, அவசரப்படாதே." இன்னொரு தடவை மூச்சை இழுத்தேன். இன்னும் ஏதோ ஒண்ணு இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச ஒண்ணு, பேரு மட்டும் வரல. அப்புறம் சட்டுன்னு வந்துச்சு. "எனக்கு எட்டு வயசு இருக்கும்போதே உன் புருஷனை இடுப்புல தூக்கிச் சுமந்தவ நான். குழந்தையா இருந்தப்போ அவன் தலையும் இதே வாசம்தான்மா. அப்படியே இருக்கு. உன் குழந்தைதான், யார் வீட்டுதும் இல்ல."

அவ பாப்பாவை இறுக்கிக் கட்டிக்கிட்டா. அவ கண்ணுலேர்ந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுது, எனக்கும் நிக்கல. "தினமும் சொல்வீங்களா அண்ணி?"ன்னா.

"சொல்றேன். டீச்சர்கிட்ட ஒரு நோட்டு வாங்கிக்குவோம்."

தம்பி கண்ணாடியில எங்களைப் பாத்துட்டான். "அக்கா, என்ன ரெண்டு பேரும் அழறீங்க? வேலை கிடைச்சிருச்சுன்னுதானே சொன்னீங்க?"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுடா"ன்னேன்.